‘வீடு’: படமும் நமது நிலையும்

தமிழிலே ‘வீடு’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. மக்கள் குடியிருக்கும் மனை ஒன்று. பிறவியினின்றும் விடுபடும் பேறு மற்றொன்று. அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள்களை நான்காக எண்ணி வந்த நாட்டிலே, திருவள்ளுவர் முதல் மூன்றிற்கே பால் வகுத்தார். நான்காவதற்குத் தனியே பால் வகுத்தாரிலர். அஃது ஏன் என்பது பற்றிப் புலவர்கள் வாதாடுக. நாம் காண்பது வேறு. மேலுலக வீட்டிற்கு வழி சொல்லுவோர்க்கு நம்மிடையே எக்காலத்தும் குறைவில்லை. மூன்று அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள இவ்வுலக வீட்டிற்கு ஒருவன் படும் பாட்டை உள்ளபடி உரைக்கும் நூலோ, நாடகமோ, படமோ தேடினால் அரிதாகவே கிடைக்கின்றது. அவ்வாறு கிடைக்கும் சிலவற்றுள் தலையாயது, பாலு மகேந்திரா இயற்றி 1988ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வீடு’ என்னும் திரைப்படமாகும். அதனைச் சி ரூசா முதலிய நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலும், போர்ட் டிக்சன், சிரம்பான் முதலிய பட்டணங்களிலும் வாழும் நம்மவர் கண்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முப்பத்தைந்து ஆண்டுகட்கு மேற்பட்ட படத்தை இப்போது ஆராய்வானேன் எனச் சிலர் வினவலாம். கலைக்கும் செங்கல் விலைக்கும் என்ன உறவு என வேறு சிலர் முகஞ்சுளிக்கலாம். முன்னவர்க்கு நாம் கூறுவது: படம் பழையதாயினும் அதன் பொருள் பழையதாகவில்லை, வீட்டு விலை நாளுக்கு நாள் ஏறுகின்ற நாட்டில் அது நாளுக்கு நாள் புதியதாகின்றது. பின்னவர்க்கு நாம் கூறுவது: மக்கள் எதனை எண்ணி இரவில் உறங்காதிருக்கின்றனரோ அதனைத் தொடாத கலை, உண்டவர் பொழுதுபோக்கே அன்றி மக்கட் கலை ஆகாது.

படத்தின் கதை மிகச் சிறியது. சென்னையிலே அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் சுதா என்னும் பெண், தன் தங்கையோடும் முதிய பாட்டனாரோடும் வாடகை வீட்டில் வாழ்கின்றாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லுகின்றார். நகரிலே வாடகை அவள் ஊதியத்திற்கு எட்டுவதாயில்லை. பாட்டனாருக்கு நகர்ப்புறத்தே நிலம் இருத்தலின், அதிலே சிறு வீடு ஒன்று கட்டிக்கொள்ளலாம் எனத் துணிகின்றாள். அவளை மணக்க இருக்கும் கோபி துணை நிற்கின்றான். கடன் பெறுதல், அனுமதிக்கு அலைதல், ஒப்பந்தக்காரனை அமர்த்துதல், அடித்தளம் இடுதல், மழை, பணமுடை, களவு, வேலைநிறுத்தம் எனக் கதை ஒவ்வொரு செங்கல்லாக எழுகின்றது. முற்றுப்பெறாத அவ்வீட்டைக் காணப் பாட்டனார் வெயிலில் தனியே செல்லுகின்றார். சுவரைத் தொட்டுத் தொட்டு மகிழ்கின்றார். திரும்பும்போது உயிர் துறக்கின்றார். முடிவிலே, அந்நிலம் குடிநீர்த் துறையினரால் முன்பே எடுத்துக்கொள்ளப்பட்டது என்னும் செய்தி இடியென வந்து விழுகின்றது. சுதாவுக்கு எஞ்சியது நீதிமன்ற வாயில்.

இக்கதையிலே பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, சண்டை இல்லை, வானத்தினின்று இறங்கி வந்து காக்கும் கடவுளும் இல்லை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்தியாவின் சிறந்த நடிகைக்குரிய தேசிய விருது கிடைத்தது. பாட்டனாராக வந்த சொக்கலிங்க பாகவதர் நடிக்கின்றார் என்னும் நினைவே நமக்கு எழுவதில்லை. இளையராசாவின் இசை, பேச்சு நின்ற இடத்தில் மட்டும் மெல்ல நுழைகின்றது. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா, தம் தாயார் வீடு கட்டிய நாட்களில் அவ்வம்மையார் முகம் மாறிப்போனதைச் சிறுவயதில் கண்ட நினைவே இப்படத்தின் வித்து எனக் கூறியிருக்கின்றார். வித்தின் உண்மை விளைவிலும் தெரிகின்றது.

நிற்க. இப்படத்தின் முதற் சிறப்பு யாதெனின், வீட்டின் விலை எங்கே ஏறுகின்றது என்பதை அது நன்கு அறிந்து காட்டுவதாகும். ‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அப்பழமொழி, செலவு கைமீறும் என எச்சரிக்கின்றதே அன்றி, ஏன் மீறுகின்றது எனச் சொல்லுவதில்லை. ஏதோ ஊழ்வினை போலவும், மனையடி சாத்திரம் பார்க்கத் தவறியதன் பயன் போலவும் மக்கள் அதனைக் கொள்ளுகின்றனர். படமோ ஒவ்வொரு காசும் எவ்வழி போயிற்று எனக் கணக்குக் காட்டுகின்றது. சிமெண்டு விலை மட்டும் செலவை ஏற்றுவதன்று. சிமெண்டு மூட்டையைக் களவாடும் ஒப்பந்தக்காரன் ஏற்றுகின்றான். அலுவலகத்திலே கோப்பு உறங்கும் ஒவ்வொரு நாளும் ஏற்றுகின்றது. வேலை நின்ற மாதத்திற்கும் ஓடும் வட்டி ஏற்றுகின்றது. கிரகங்கள் ஏற்றுவதாக நாம் எங்கும் காணவில்லை.

இதற்கு அக்காலத்து நிலையும் சான்று பகரும். இந்தியாவிலே சிமெண்டு அரசாங்கக் கட்டுப்பாட்டில் நெடுங்காலம் இருந்தது. 1982ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாடு பகுதியாக நீங்கியது. 1989ஆம் ஆண்டிலேதான் முழுவதும் நீங்கியது. படம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தது. கட்டுப்பாடும் கள்ளச்சந்தையும் ஒருங்கே பழகிய நாட்டில் ஒரு மூட்டை சிமெண்டு பொன்போற் காக்கப்பட வேண்டியிருந்ததை அறிந்தோர்க்கே, அக்களவுக் காட்சியின் கொடுமை முழுதும் விளங்கும். இந்நாட்டிலும் 2008ஆம் ஆண்டில் இரும்புக் கம்பிக்கும் சிமெண்டுக்கும் இருந்த உச்சவிலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பெருந்தொற்றுக்குப் பின், 2021ஆம் ஆண்டில் இரும்பின் விலை உலகெங்கும் ஏறியது. எனவே சுதாவின் கணக்கு நமக்கு அயலார் கணக்கன்று.

இரண்டாவது சிறப்பு, வீடு கட்டத் துணிபவள் ஒரு பெண் என்பது. மணம் ஆகாத பெண், தன் ஊதியத்தைக் கொண்டு, தன் பெயரால், தன் குடும்பத்திற்கு நிழல் தேடுகின்றாள். மணத்தை முன்வைத்து வீட்டைப் பின்வைக்கும் வழக்கத்தை அவள் மாற்றி நிறுத்துகின்றாள். இதனைப் பெருமை பேசும் வசனம் ஒன்றேனும் படத்தில் இல்லை. அவள் செய்கை ஒன்றே பேசுகின்றது. நம் தோட்டங்களிலே விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியும், செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கியும் ஆணோடு ஒப்ப உழைத்த பெண்கள், தம் பெயரில் ஒரு கதவுக்கேனும் உரிமையின்றி முதுமை எய்தியதை அறிந்த நமக்கு இச்செய்கையின் அருமை நன்கு விளங்குகின்றது.

இனிக் குறைகளைக் கூறுவோம். புகழுரையோடு நிற்பது விமரிசனம் ஆகாது.

படத்திலே மங்கம்மா என்றொரு கட்டடக் கூலிப்பெண் வருகின்றாள். சத்யா அம்மையார் அவ்வேடத்தை ஏற்றிருக்கின்றார். ஒப்பந்தக்காரனின் களவை அஞ்சாது எடுத்துரைப்பவள் அவளே. படித்த சுதாவும் கோபியும் காணாததை அவள் காண்கின்றாள். ஏனெனில் மண்ணும் சாந்தும் சுமப்பவள் அவள். ஆனால் மங்கம்மா எங்கே உறங்குகின்றாள்? அவள் தலைக்கு மேல் ஓலையா, தகரமா, வானமா? இவ்வினாவைப் படம் எழுப்புவதில்லை. பிறர் வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டு அவள் திரையின் ஓரத்தே மறைந்து போகின்றாள். நடுத்தர மக்களின் துயரைக் காட்டவந்த படம் அவ்வெல்லையைத் தாண்டவில்லை என்பது ஒரு சமாதானமே. ஆயினும் தோட்டத்து வாசகர் சுதாவைக் காட்டிலும் மங்கம்மாவிடமே தம்மைக் காண்பர். காடழித்து, மரம் நட்டு, சாலையிட்டு ஒரு நாட்டின் செல்வத்தை எழுப்பியவர் வரலாற்றின் ஓரத்தே மறைந்து போனமை நம் சொந்தக் கதையன்றோ?

இரண்டாவது குறை கதையின் அமைப்பைப் பற்றியது. நிலம் யாருடையது என்னும் வினாவைப் படம் கடைசிக் காட்சிக்கு ஒதுக்கிவிட்டது. அதனால் அம்முடிவு, தொடர்ந்து வந்த துன்பங்களின் விளைவாகத் தோன்றாமல், வெளியினின்று விழுந்த விபத்துப்போல் தோன்றுகின்றது. சிமெண்டு, செங்கல், கூலி, கையூட்டு எல்லாவற்றிற்கும் அடியிலே கிடப்பது நிலம். நிலம் உறுதியாயின் மற்றத் துன்பங்களை ஒருவாறு தாங்கலாம். நிலம் நழுவின் சுவர் எவ்வளவு உரமுடையதாயினும் பயனில்லை. சுதாவின் கதையில் இறுதியில் வந்த இவ்வினா, நம்மவர் கதையில் முதற்காட்சியிலேயே நிற்கின்றது. இப்படத்தை நாம் பார்க்க வேண்டிய முறையும் இதுவே: அவளுக்கு முடிவாக வந்தது நமக்குத் தொடக்கம்.

எங்ஙனமெனின் கூறுவோம். சி ரூசா போர்ட் டிக்சன் மாவட்டத்து முக்கிம்களுள் ஒன்று. ஒருபுறம் கடற்கரையும் உல்லாச விடுதிகளும். மறுபுறம் ஒருகாலத்து இரப்பரும் பின்னர்ச் செம்பனையும். இத்தகைய இடங்களிலே நம்மவர் வாழ்ந்த லயத்து வீடு, வேலையோடு வந்து வேலையோடு போவது. 1966ஆம் ஆண்டிலும் பின்னர் 1990ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள், முதலாளி கொடுக்கும் குடியிருப்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என வரையறுத்தன. தண்ணீர், வெளிச்சம், அறை, கழிப்பிடம் இவற்றிற்கு அளவு உண்டாயிற்று. நன்றே. ஆனால் அக்குடியிருப்பு உழைத்தவனுக்கு உரிமையாதல் வேண்டும் என அச்சட்டங்கள் கூறவில்லை. முப்பது ஆண்டு வாழ்ந்த கதவை ஓய்வுபெற்ற நாளில் சாத்திவிட்டு வெளியேற வேண்டியவனுக்கு, அடியிலுள்ள மண் என்றுமே தனதாயிருந்ததில்லை.

தோட்டம் நகராக மாறும்போது இந்நிலை இன்னும் தெளிவாகின்றது. செம்பனை வீழ்த்தப்பட்ட மேட்டிலே வரிசை வரிசையாக மாடி வீடுகள் எழுகின்றன. அம்மேட்டைச் சீர்செய்தவன் பேரன், விலைப்பலகையைப் படித்துவிட்டு அப்பாற் செல்லுகின்றான். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவை அடுத்த ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள், வாக்களிக்கப்பட்ட வீட்டிற்காக இருபது ஆண்டுகட்கு மேற் காத்திருந்தன. அவர்கட்குரிய தரைவீட்டுத் திட்டம் அண்மை ஆண்டுகளிலேதான் அரசாங்கத் திட்டமாக உருப்பெற்றது. சுதா நீதிமன்ற வாயிலில் நிற்பதோடு படம் முடிந்துவிடுகின்றது. வாழ்க்கையிலோ அந்நிற்றல் ஒரு தலைமுறை நீளுகின்றது.

இங்கே ஒரு வாதத்தை எதிர்கொள்ளுதல் நம் கடமை. ‘நம்மவர் சிக்கனமறியார், திருவிழாவிலும் விருந்திலும் மதுவிலும் பணத்தைக் கரைக்கின்றனர், சேமித்தால் வீடு வாங்கலாகாதோ?’ எனப் பேசுவோர் உளர். வீண்செலவை நாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை, இனியும் ஆதரியோம். ஆயினும் பழி சுமத்துமுன் கணக்குப் பார்த்தல் நேர்மை. 2016ஆம் ஆண்டில் இந்நாட்டு வீடுகளின் நடுவிலை, அதாவது விலைவரிசையின் நடுவே நிற்கும் விலை, 313,000 வெள்ளி. ஆனால் நாட்டு மக்கள் வருமானத்திற்கு எட்டும் உச்ச விலை 282,000 வெள்ளியே எனப் பேங்க் நெகாரா கணித்தது. அவ்வாண்டு சூலை முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி. ஆண்டிற்கு 12,000. ஒரு வெள்ளியேனும் உண்ணாமல், உடுக்காமல், பிள்ளைக்குப் புத்தகம் வாங்காமல் அடுக்கி வைத்தாலும் அந்நடுவிலையை எட்ட இருபத்தாறு ஆண்டு செல்லும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அச்சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. விலை அந்த 2016ஆம் ஆண்டு நிலையிலேயே அசையாது நின்றதாகக் கொண்டாலும் பதினைந்து ஆண்டு வேண்டும். எந்தச் சிக்கனம் இவ்விடைவெளியை நிரப்பும்?

வேறோர் அளவும் உண்டு. குடும்பத்தின் மூன்றாண்டு வருமானத்திற்கு மேற்படாத விலையே வாங்கத் தக்க விலை என்பது உலகில் வழங்கும் அளவுகோல். கசானா ஆய்வுக் கழகம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2014ஆம் ஆண்டில் இந்நாட்டு வீட்டு விலை அவ்வருமானத்தைப் போல 4.4 மடங்கு. 1,700 வெள்ளி வாங்கும் ஒருவர்க்கு மூன்றாண்டு வருமானம் 61,200 வெள்ளி. 2011ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர்க்கென 4 விழுக்காட்டு வட்டியில், 40 ஆண்டு வரையும் அடுத்த தலைமுறை தொடர்ந்து செலுத்தக்கூடியதுமான கடன் அறிவிக்கப்பட்டபோது, அது 60,000 வெள்ளி வரையுள்ள மலிவு வீடுகட்கு என வகுக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் மலிவு வீட்டிற்கு வகுத்த விலையோ இடத்திற்கேற்ப 25,000 முதல் 42,000 வெள்ளி வரை. அளவுகோல் சரியே, கடனும் நன்றே. அவ்விலையில் புது வீட்டைக் காட்டுவார் யார்? சட்டியை முன்னே வைத்துச் சோற்றை மேலுலகில் வைத்தாற்போன்றது இது.

சுதாவின் துன்பத்திற்கும் நம்மவர் துன்பத்திற்கும் மற்றொரு வேறுபாடும் உண்டு. அவள் தானே கட்டுகின்றாள். ஆதலின் விலையேற்றம் அவள் கண்முன்னே, மூட்டை மூட்டையாக நிகழ்கின்றது. இந்நாட்டிலே நாம் கட்டுவதில்லை, வாங்குகின்றோம். அதுவும் எழாத வீட்டை வாங்குகின்றோம். முன்பே விற்றுப் பின்பு கட்டும் முறை இங்கே வழக்கு. சட்டம் வகுத்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விலையைக் கட்டுவோர் பின்னர் ஏற்றுதல் இயலாது. இது வாங்குவோர்க்குக் காவலே. ஆனால் செலவு ஏறுங்காலத்தில் அவ்வேற்றம் எங்கேனும் ஒதுங்க வேண்டுமன்றோ? ஒன்று, விலைப்பலகையில் முன்கூட்டியே ஏறி நிற்கும்; அன்றேல் காலத்தாழ்வாகவும், கைவிடப்பட்ட கட்டடமாகவும் வெளிப்படும். கூரையில்லாச் சுவரைப் பார்த்துக்கொண்டு வங்கிக்கு வட்டி கட்டுவோனுக்குச் சுதாவின் கண்ணீர் எளிதில் விளங்கும்.

ஆகவே இப்படத்தைக் கண்டு கலங்கிவிட்டு எழுந்து செல்வதோடு நில்லாமல், அது கற்பிக்கும் பாடத்தைக் கைக்கொள்ளுதல் வேண்டும். சுதா ஒவ்வொரு முறையும் ஏமாந்தது அறியாமையால். அறிந்து சொன்னவள் மங்கம்மா. நம்மிடையேயும் அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லுதல் வேண்டும். ஒப்பந்தம் எழுதுமுன் ‘முன்பதிவு’ என்னும் பெயரால் பணம் வாங்கக் கட்டுவோர்க்குச் சட்டத்தில் இடமில்லை. பலர் இதனை அறியாமல் முகவர் கையில் பணத்தைக் கொடுக்கின்றனர். கட்டுவோர் உரிமம் பெற்றவரா என வினவுதல் வெட்கமன்று. தரைவீட்டை 24 மாதத்திலும், அடுக்குவீட்டை 36 மாதத்திலும் ஒப்படைத்தல் வேண்டும் என்பதும், தவறின் விலையில் ஆண்டிற்கு 10 விழுக்காடு என்னும் வீதத்தில் இழப்பீடு உண்டு என்பதும் ஒப்பந்தத்திலேயே உள்ளன. நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்திடுவோர், கையெழுத்திடுமுன் அத்தாளை ஒருமுறை படிப்பாராயின் எந்தச் சோதிடமும் செய்யாத நன்மை விளையும். இருவர் உழைப்பால் வாங்கும் வீட்டில் இருவர் பெயரும் இருத்தல் வேண்டும். பெண்ணின் பெயரை விடுத்தல் அவள் உழைப்பைக் களவாடுதலேயாம்.

இவை தனி மனிதர்க்குரியன. ஆனால் இருபத்தாறு ஆண்டு இடைவெளியைத் தனி மனிதர் தாண்டுதல் இயலாது என மேலே கண்டோம். அதற்குக் கூட்டு முயற்சியே வழி. இது கனவன்று; நம் வரலாற்றிலேயே நிகழ்ந்தது. ஆங்கிலேயர் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்த் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டிலே துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் கொடுத்த பங்குப்பணத்தால் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தொடங்கித் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலி வாங்கும் கை நிலம் வாங்கும் கையாகவும் கூடும் என்பதை அது மெய்ப்பித்தது. பின்வந்தோர் அதனை எவ்வளவு தூரம் கொண்டு சென்றனர் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. அதன் அடிக்கருத்து மட்டும் மறக்கத் தக்கதன்று: சம்பந்தனார் சிமெண்டைப் பற்றியும் செங்கல்லைப் பற்றியும் முதலில் எண்ணவில்லை, நிலத்தைப் பற்றி எண்ணினார்.

நாம் கோருவதும் அதுவே. தோட்டம் நகராக மாற்றப்படும் போதெல்லாம், அங்கே உழைத்தோர்க்கு ஒரு பகுதி நிலம் முதலில் ஒதுக்கப்படுதல் வேண்டும். அதன்பின்னரே மற்றவர்க்கு மனை அளக்கப்படுதல் வேண்டும். இதனை இரக்கமாக நாம் கேட்கவில்லை. அந்நிலத்தின் இன்றைய விலையில் அவர்கள் வியர்வையும் ஒரு பங்கு ஆதலின், உரிமையாகக் கேட்கின்றோம். நிலத்தின் விலை நீங்கின், ஏறிய சிமெண்டு விலையிலும் ஏறிய கூலியிலும்கூட எளிய வீடு ஒன்று எழுப்புதல் தொழிலாளிக்கு எட்டாததன்று.

நம் எழுத்தாளர்க்கும் ஒரு சொல். லயத்து வாழ்வின் இருளையும் கண்ணீரையும் நீங்கள் நிறைய எழுதிவிட்டீர்கள். லயத்தை விட்டு வெளியேறியவன் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியிலே கடன்தவணைக் காகிதத்தோடு அமர்ந்திருக்கின்றான். அவன் கதை போதிய அளவு எழுதப்படவில்லை. அதனை எழுதுங்கள். பாலு மகேந்திரா செய்தது போல் ஒவ்வொரு வெள்ளியும் எங்கே போயிற்று என எழுதுங்கள். அவர் செய்யாது விட்டதையும் சேர்த்து, மங்கம்மாவின் பின்னே அவள் உறங்கும் இடம் வரை சென்று எழுதுங்கள். அடிமண் யாருடையது என்பதைக் கடைசிப் பக்கத்திற்கு ஒதுக்காமல் முதற்பக்கத்திலேயே வினவுங்கள்.

‘வீடு’ படத்தைக் காணாதோர் காண்க. கண்டோர் மீண்டும் ஒருமுறை குடும்பத்தோடு காண்க. படம் முடிந்தபின் வீட்டிலுள்ள ஒப்பந்தத்தையோ, வாடகைச் சீட்டையோ, தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தையோ எடுத்து மனைவி மக்களோடு ஒருங்கிருந்து வாசிக்க. அதனினும் சிறந்த பாராட்டு அப்படத்திற்கு வேறில்லை.